வாட்டம்

வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள்.
நாங்கள் இருபத்தெட்டு வீடுகளைக் கட்டிப் பார்த்தோம்,
எது எவருடையது என்று தெரியாமலே.
மான்டிவிடியோவில், குன்றுக்குப் பின்புறம்,
இறைச்சி ஆலை மூடிய பிறகு
நாய்கள் மட்டும் நம்பியிருந்த நிலத்தில்.

குடும்பத்துக்கு வாரம் இருபத்தொரு மணி நேரம்.
அதுதான் எங்கள் முன்பணம்.
கையில் காசில்லாதவன் கையையே கொடுக்கலாம் என்ற கணக்கு.
கணக்கு நோட்டு என்னிடம்.
சுல்மா, சாந்து குழைத்தது, நான்கு மணி.
ஒலிவேரா வீட்டார், கம்பி கட்டியது, ஒன்பது.
எல்லாம் முடிந்த பிறகுதான் குலுக்கல்.
அதுவரை எந்தச் சுவரும் உன் சுவராகலாம்,
ஆகவே எந்தச் சுவரிலும் சிமெண்டைக் குறைக்காதே.
இந்த முறையைக் கண்டுபிடித்தவனுக்கு
மனிதர்கள்மேல் நல்ல எண்ணம் இருந்ததா,
இல்லவே இல்லையா,
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

வில்மார் வந்தது ஜூலையில்.
இங்கே தெற்கிலிருந்து வருவது தென்றல் அல்ல,
பனிப்பாறையைத் தொட்டுவிட்டு வருகிற காற்று.
ஒரு வங்கியின் வாசற்படியில் ஆறு வருடம் படுத்தவன்.
எங்கள் கருவிக் கொட்டகைக்கு இரவுக் காவல் வேண்டியிருந்தது,
அவனுக்குத் தலைக்குமேல் தகரமாவது.
காவலுக்குத்தான் வைத்தோம்.
விடிந்து பார்த்தால் அன்றைக்கு வேண்டிய செங்கல்லையெல்லாம்
நனைத்து அடுக்கியிருப்பான்.
அந்த மணிகளை எங்கே எழுதுவது?
நோட்டின் கடைசிப் பக்கத்தில், பென்சிலால்.

ஒரு குடும்பம் ஸ்பெயினுக்குப் போனது. ஓர் இடம் காலி.
கூட்டத்தில் பென்சில் பக்கத்தைப் படித்தேன்:
முந்நூற்றுப் பன்னிரண்டு மணி.
"முதலில் குடியை விடட்டும்,
பிறகு குடியேறட்டும்" என்றது ஒரு குரல்.
சுல்மா எழுந்தாள், மாத்தே குவளையை மேசையில் வைத்தாள்.
"வீட்டுக்குள் உட்கார்ந்து குடிக்கிறவர்கள்
கையைத் தூக்குங்கள் பார்ப்போம்."
சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது.
ஆதரவு பதினேழு, எதிர்ப்பு பத்து.
பத்தில் ஒன்று என் தம்பி நெல்சனின் கை.
கெட்டவன் இல்லை,
பதினோரு வருடமாக வாடகைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறவன்.
பஸ்ஸில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

விண்ணப்பத்தில் 'தற்போதைய முகவரி' என்றொரு கட்டம்.
வங்கியின் பெயரைப் போடலாமா என்று கேட்டான் வில்மார்,
சிரிக்காமல்.

இனி நான் சொல்லத் தயங்குவது.
மார்ச்சில் ஒரு ஞாயிறு, முதுகு விட்டுப்போன சாயங்காலம்,
ஒரு குளியலறையில் வாட்டம் பார்க்காமல் ஓடு பதித்தேன்.
ரசமட்டம் பக்கத்து வீட்டில் கிடந்தது,
எழுந்து போக மனமில்லை.
இருபத்தெட்டில் ஒன்று, நமக்கா விழப்போகிறது?
நோட்டில் எழுதினேன்:
ஓடு பதித்தது, மூன்று மணி.

குலுக்கலன்று ஒரு குழந்தை பைக்குள் கைவிட்டது.
பதினான்கு. வில்மார்.
எல்லோரும் கைதட்டினார்கள், நெல்சன்கூட.
என் கைகளில் மட்டும் சாந்து காய்ந்து இறுகியதுபோல.

முதல் மாதம் அவன் கதவோரம், ஷூவோடு தூங்கினான்.
நடுச்சாமத்தில் வெளியே வந்து பூட்டுவான், திறப்பான்,
பூட்டுவான்.
சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
அதுவும் ஒரு வேலைதான், நோட்டில் ஏறாத வேலை.

ஒரு நாள் ரசமட்டத்தோடு போய் நின்றேன்.
மூலையில் கையகலத் தண்ணீர், போக வழியில்லாமல்.
"இது நான் செய்தது. உடைத்துப் புதிதாய்ப் போடுகிறேன்."
அவன் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னான்:
"வங்கிப் படியில் வாட்டம் ரொம்பச் சரியாக இருந்தது.
காவலாளி விடியுமுன் வாளித் தண்ணீரைக் கொட்டுவான்.
என் முதுகுக்கடியில் புகுந்து
ஒரு சொட்டு நிற்காமல் தெருவுக்குப் போய்விடும்."

நான் உளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"உடைக்கலாம்" என்றான் கொஞ்ச நேரம் கழித்து,
குனிந்து ஷூ முடிச்சை அவிழ்த்தபடி.
"இன்றைக்கு வேண்டாம்.
இன்றைக்கு நான் தூங்கப் போகிறேன்."